கோலப்பொடி விழாத வீடு

இருந்துச்சான்னு கேட்டா இருந்துச்சு, இப்பவும் இருக்கான்னு கேட்டா போயிப் பாத்துட்டு வந்து நீதான் சொல்லணும், அப்படி ஒரு ஊரு ஓலையேந்தல். பஸ்ஸு விலக்குல இறக்கி விட்டுட்டுப் புழுதியக் கிளப்பிக்கிட்டுப் போயிரும், அங்கேருந்து சீமைக்கருவேலங்காட்டுக்குள்ள நடக்கணும், நடந்துக்கிட்டே இருக்கணும், முள்ளு செருப்பத் தொளைச்சு உள்ளங்காலத் தொட்டுட்டுத்தான் விடும், கரிமூட்டப் புகை கண்ணக் கரிக்கும், இனிமே ஊரு வராதுன்னு அலுத்துப்போயி நிக்கையில ஊரே எந்திரிச்சு வந்த மாதிரி எதுக்க நிக்கும். அப்படி நடந்து அந்த ஊருக்குள்ள போனவதான் அமலி.

திண்டுக்கல் பக்கத்துப் பொண்ணு. கிராம முன்னேற்றத் திட்டத்துல ஊரு ஊராப் போயிப் பொம்பளைகளக் கூட்டி வச்சுப் பயிற்சி குடுக்கிற வேலை. தோள்ல ஒரு சாக்குப் பை, அதுக்குள்ள சார்ட்டு, கலர் பேனா, எல்லாரையும் கூப்பிடுறதுக்கு ஒரு விசிலு. அந்த விசில அவ ஊதவே வேண்டியதில்ல, வெளியூருச் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓலையேந்தல்ல கூட்டம் கூடிரும். அவளுக்கு முன்னாடி எத்தன திட்டம் பாத்த ஊரு அது. புகையில்லா அடுப்பு குடுத்தாக, அதுல கோழி அடைகாத்துச்சு. கக்கூசு கட்டிக் குடுத்தாக, அதுல வரட்டி அடுக்கி வச்சாக, மழைக்கு நனையாம வரட்டி காஞ்சது அந்த ஒரு வருசந்தான். ஆடு குடுத்தாக, காதுல வில்லை தச்ச ஆடு, அந்த ஆட்டுக்கும் பங்காளிச் சண்டைக்கும் ஒரு கதை இருக்கு, அது கெடக்கட்டும். யாரு என்ன குடுத்தாலும் வாங்கி, ஊருக்குத் தோதா மாத்தி வச்சுக்கிறதுல அந்த ஊருப் பொம்பளைகளுக்கு ஈடு கிடையாது.

அமலி மொதல்ல வீடு வீடாப் போனா. போன எடத்துல எல்லாம் காப்பி குடுத்தாக, ஒரே ஒரு வீட்டுல மட்டுந்தான் வாசல்படியோட தண்ணி குடுத்தா ஒருத்தி. பித்தளைச் சொம்பு. குடுத்தவ பேரு இருளாயி, வாயும் வயிறுமா நின்னா, கழுத்துல ஒண்ணும் இல்ல. புருசன் கருமலை கரிமூட்டத்துல, விறக மண்ணு போட்டு மூடிக் கரியாக்குற எடத்துல, வேலை பாத்தவன், மூட்டம் சரிஞ்சு உள்ள விழுந்துட்டான், சடங்கு முடிஞ்சு இன்னும் மாசம் திரும்பல.

"உள்ள கூப்பிடலன்னு நெனைக்காதீக டீச்சரம்மா, எழவு வீடு" அப்படின்னா. "ஆனா எழுதையில என் வீட்டயும் சேத்துக்கங்க. பொறக்கப்போற பிள்ளைக்கு அப்பன்தான் இல்ல, ஊராவது இருக்கட்டும்."

"உங்க வீடு இல்லாம ஊரு ஏதுக்கா" அப்படின்னா அமலி. தண்ணியக் குடிச்சுட்டு நாக்கு ஈரம் காயிறதுக்குள்ள குடுத்த வாக்கு அது. மறக்கக்கூடாத வாக்கு.

மறுநாளு சாவடிப் பொட்டல்ல ஊருப்படம் போட்டாக. படம்னா காயிதத்துல இல்ல, தரையில, ஊரே கூடி, எது எங்க இருக்குன்னு அவுகளே போடுறது. எந்தத் தெரு, எந்த ஊருணி, யாரு வீடு, எல்லாம். அத வச்சுத்தான் யாருக்கு என்ன குடுக்கிறதுன்னு முடிவாகும். அமலிக்கு மேலதிகாரி தனசிங் சாருன்னு ஒருத்தரு, பயிற்சியில தலையில தட்டாத குறையாச் சொல்லிக் குடுத்திருந்தாரு: நீ கை வைக்கக்கூடாது, குச்சிய அவங்க கையில குடுத்துட்டுத் தள்ளி நில்லு, அவங்க ஊரு, அவங்க போடட்டும். அமலி குச்சி குடுக்கல, ஒரு மூட்டை கோலப்பொடி குடுத்துட்டுத் தள்ளி நின்னா. பொம்பளைக கையில கோலப்பொடி கெடைச்சா என்ன ஆகும். மகளிர் குழுத் தலைவி வெள்ளத்தாய்தான் மொதல்ல குனிஞ்சா, குனிஞ்சவ நிமிரல, காளியம்மன் கோயில வச்சுப் புள்ளி எடுத்து இழுத்தா பாரு, தெரு எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்துருச்சு, ஊருல இருக்கிற தெருவோ பாம்பு போன தடம் மாதிரி கெடக்கும். கோலம் போடுற கைக்கு வெறும் எடம் பிடிக்குமா, ஊருணிய வட்டமாப் போட்டுட்டு உள்ள தாமரையப் போட்டாக, அதுல என்னைக்கும் பாசிதான். புளியமரத்துல கிளி போட்டாக. ஒருத்தி ஆடு போட்டா, வாலு போட மறந்துட்டா. சிரிப்பும் கூத்துமா மத்தியானம் ஆயிப்போச்சு.

"ஒரு வீடும் விட்டுப்போகலையே" அப்படின்னு கேட்டா அமலி.

"விடல டீச்சரம்மா" அப்படின்னாக எல்லாரும்.

அவுக பொய் சொல்லல. எழவு விழுந்த வீட்டு வாசல்ல வருசம் திரும்புற வரைக்கும் கோலம் போடக்கூடாது, அது அந்த ஊருல நண்டு சிண்டுக்கும் தெரியும். படத்துல இருளாயி வீடு வர்ற எடத்துல வெள்ளத்தாய் கை தானா ஒதுங்கிப் போச்சு, சுடு சட்டியில படாம கை ஒதுங்குற மாதிரி. விட்டோம்னே அவளுக்குத் தோணல. இருளாயியும் வந்து கேக்க முடியாது, தாலி அறுத்த சூட்டோட பொம்பளை நாலு பேரு கூடுற எடத்துக்கு வருவாளா. அமலிக்கோ இந்த வழக்கம் தெரியாது. அவுக வேதக்காரக, அவ அப்பா செத்த வருசம் கிறிஸ்துமசுக்கும் அவ அம்மா அழுதுக்கிட்டே வாசல்ல நட்சத்திரம் போட்டா. அழகா இருந்த படத்தப் பாத்து மயங்கி, போட்டோ எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா பிள்ளை.

அந்தப் படம் அழியல. வெள்ளாட்டு மந்தை மிதிச்சுப் போச்சு, அழியல. காத்தடிச்சுக் கூரை ஓலை பறந்துச்சு, பொடி பறக்கல. கோடை மழை கொட்டுனதுல பொட்டலே சேறாச்சு, கோடு மட்டும் சேத்துக்கு மேல வெள்ளையா நின்னுச்சு. மறுநாளு தண்ணிக்குப் போனவ ஒருத்தி ஊருணியில செந்தாமரையப் பாத்தா, ஒண்ணப் பறிச்சுக் கொண்டையில வச்சுக்கிட்டு வந்துட்டா, அம்புட்டுத்தான். தெரு நேராயிருச்சு. முந்தி எதுத்த வாசல்ல நின்னு ஏசிக்கிட்டிருந்த ரெண்டு சம்பந்திமாரு வாசலும் இப்பத் தள்ளித் தள்ளிப் போச்சு, ஏசணும்னா எட்டு வச்சு நடந்து வரணும், பாதி வழியில கோவம் ஆறிரும், அதுல ஊருக்கு நிம்மதி. புளியமரத்துல கிளி வந்து உக்காந்துச்சு, சத்தம் கிடையாது, பழம் திங்காது, விரட்டுனாலும் போகாது. அதுல ஒரு கிளிக்கு இறக்கை போடுறப்ப யாரோ தும்மித் தொலைச்சிருக்கா, அது மட்டும் பறக்கப் பாத்துப் பாத்து ஒரு பக்கமாவே சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. மந்தையில ஒரு ஆட்டுக்கு வாலு இல்லாமப் போச்சு. ஆட்டுக்காரன் சோணையன் அதையும் ஒரு கொறையாச் சொல்லல, ஈ விரட்ட வாலு இல்லாத ஆடு பொழுதன்னைக்கும் ஓடிக்கிட்டே இருக்கு, ஓடுற ஆட்டுக்கு நோய் வராதுன்னான்.

அடுத்த தடவை வந்த அமலி நேரா இருளாயி வீட்டுக்குத்தான் போனா, எடுத்த போட்டோவ வீட்டுல வச்சுப் பாக்கையிலதான் அவளுக்கு உறைச்சிருந்துச்சு. வெள்ளத்தாய் வீட்டுக்கும் சோணையன் வீட்டுக்கும் நடுவுல இருக்கணும் அது. வெள்ளத்தாய் வீடு இருந்துச்சு. சோணையன் வீடு இருந்துச்சு. ரெண்டு சுவரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னுச்சு, நடுவுல ஒரு விரலு போகாது.

"இருளாயி அக்கா வீடு எங்க?" அப்படின்னா.

"எந்த இருளாயி?" அப்படின்னா வெள்ளத்தாய், கீரை ஆஞ்சுக்கிட்டே. அப்புறம் கை நின்னுச்சு. "பேரு நாக்குல இருக்கு டீச்சரம்மா, மூஞ்சிதான் வர மாட்டேங்குது."

அப்பத்தான் சுவத்துக்குள்ள இருந்து தொம்மு தொம்முன்னு சத்தம் வந்துச்சு. உரல்ல உலக்கை விழுற சத்தம். அமலி சுவத்துல கை வச்சுப் பாத்தா.

"அது கேக்குதா உங்களுக்கு?"

"கேக்காம என்ன, தெனமும் கேக்கும். எலியா இருக்கும்."

"எலி நெல்லுக் குத்துமா?"

"எங்க ஊரு எலி குத்தும்" அப்படின்னா வெள்ளத்தாய், ஆனா சிரிக்கல, கீரையப் பாத்துக்கிட்டே சொன்னா.

அந்தச் சுவருக்கு ஊரு பழகிப்போச்சு. அடுப்பு எரியிற நேரத்துக்கு வெடிப்பு வழியா லேசாப் புகை கசியும், கருவாட்டு வாசம் வரும். சுவரு அப்ப வெதுவெதுன்னு இருக்கும். அத எப்படியோ மோப்பம் பிடிச்சுக் கிழடுக எல்லாம் காலையில வரிசையா வந்து முதுக ஒட்டி வச்சு உக்காந்துக்கிரும், மூட்டுவலிக்கு நல்லதுன்னு. உள்ள ஒருத்தி ஒத்தையில சமைச்சுத் திங்கிற சூட்டுல வெளிய ஊருக்கிழடு குளிரு காஞ்சுச்சு. யாரும் அத ஒரு மாதிரியா நெனைக்கல.

நெனைக்கிற ஊரா அது. முந்தி ராக்குன்னு ஒரு மருத்துவச்சி இருந்தா அங்க, செவப்புச் சீலை தவிர வேற கட்ட மாட்டா, பிரசவம் பாத்தான்னா தன் முந்தியிலேயே ஒரு இழை கிழிச்சுத் தொப்புள்கொடிய முடிவா, அவ முடிச்ச முடி ஒண்ணு கூடச் சீப்பிடிச்சது இல்ல. யாரு வீட்டுப் பிரசவத்தப் பாக்கக்கூடாதுன்னு ஊரு சொல்லிச்சோ அந்த வீட்டுக்குப் போயிப் பாத்துட்டா. ஊரு கூடித் தலைக்கட்டு வரி வாங்க மாட்டோம்னுட்டாக. கோயிலுக்கு வரி குடுத்தாத்தான் அது ஊருல ஒரு வீடு, குடுக்க விடலன்னா வீடே இல்ல. நெருப்புத் தரப்படாது, தண்ணி தரப்படாது, பேச்சுத் தரப்படாது. ராக்கு செத்தாளா, எங்கயும் போனாளான்னு அப்புறம் யாரும் பாக்கல. அவ வீடு எந்த எடத்துல இருந்துச்சுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு திக்கக் காட்டுவாக. சரி, எதுக்கு இதச் சொல்ல வந்தேன், சுவரு வெதுவெதுன்னு இருந்துச்சு.

அமலி விடல. வெள்ளத்தாய் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிப் படத்துக்கிட்ட நிறுத்துனா. "இந்த எடத்துல என்ன இருந்துச்சு, சொல்லுங்கக்கா. ஏன் விட்டீங்க?"

வெள்ளத்தாய் ரொம்ப நேரம் பாத்தா. பாக்கப் பாக்க மூஞ்சி மாறுச்சு. "எழவு வீடுல்ல" அப்படின்னா மெதுவா. "கருமலை பெண்டாட்டி. எழவு வீட்டுல எவ கோலப்பொடி போடுவா? வருசம் திரும்பட்டும், தெவசம் முடியட்டும், போட்டுருவோம்."

"அதுக்குள்ள பிள்ளை பொறந்துரும்."

"பொறக்கட்டும்."

"எங்க பொறக்கும்? அந்தப் பிள்ளைய யாருக்குத் தெரியும்?"

மத்த பொம்பளைகளும் வந்து சுத்தி நின்னுட்டாக. ஊருணித் தாமரைய நெனைச்சாக, நேரான தெருவ நெனைச்சாக. இம்புட்டு நல்லது பண்ணுற கோலத்துல ஒரு எழவக் கொண்டாந்து வச்சா, எழவு ஊரு பூரா ஊறிறாதான்னு ஒருத்தி கேட்டா. கேட்டது தப்புன்னு யாரும் சொல்லல. அவுகளும் பிள்ளைகுட்டிக்காரிகதான்.

அந்த வாரந்தான் தனசிங் சாரு ஜீப்புல வந்தாரு. படத்தச் சுத்திச் சுத்தி வந்தாரு, இப்படி ஒரு படம் இந்த ஜில்லாவுலயே இல்லன்னாரு. அமலி தனியாக் கூப்பிட்டுச் சொன்னா, சார், ஒரு வீடு விட்டுப்போச்சு, அந்த வீடே இல்லாமப் போச்சுன்னு. அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டாரு.

"படத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"ஊர்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா, ரெண்டும் சரியாத்தான இருக்கு" அப்படின்னாரு. போறப்ப அந்தச் சுவத்துல அவரும் ஒரு நிமிசம் முதுக வச்சுப் பாத்துட்டு, இடுப்புக்கு இதமா இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.

ஜீப்புப் புழுதி அடங்குனதும் அமலி சாக்குல மிச்சம் கெடந்த பொடிய அள்ளுனா. கை வைக்காதேன்னு சொன்ன கையி. குனிஞ்சு, படத்துல ரெண்டு வீட்டுக்கும் நடுவுல, ஒரு சின்னச் சதுரம் போட்டா. பொடி தரையில விழல. விரலுக்கும் மண்ணுக்கும் நடுவுலயே எங்கயோ போயிருச்சு, கண்ணுக்கு முன்னாடி. மறுபடி அள்ளுனா, மறுபடி போட்டா, சாக்கு காலியாச்சு, தரை வெறுந்தரையாக் கெடந்துச்சு. ஊரு கூடிப் போட்டத ஒத்தக் கையி மாத்த முடியல, அதும் வெளியூருக் கையி. அவ போயி அந்தச் சுவத்துல காது வச்சா. உலக்கைச் சத்தம் இல்ல. உள்ள ஒருத்தி மூச்சப் பிடிச்சுப் பிடிச்சு விடுற சத்தம். வலி கண்டுருச்சு.

"அக்கா" அப்படின்னு சுவத்தத் தட்டுனா அமலி. "இருளாயிக்கா, நான்தான்."

உள்ள வேற யாரோ தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. ஒத்தையில கெடக்குறவளுக்கு யாரு தண்ணி ஊத்துறா.

உச்சி வெயிலு. நெழலு காலடியில சுருண்டு கெடந்த நேரம். கிளி அசையல, ஆடு அசையல. அப்பத்தான் அழுதுச்சு. பச்சப்பிள்ளை அழுகை, கீச்சுன்னு, சுவத்தக் கிழிச்சுக்கிட்டு. காலையில வந்து இன்னும் முதுக எடுக்காம உக்காந்திருந்த கிழடுக எல்லாம் சுட்ட மாதிரி எந்திரிச்சு நின்னுட்டாக. எலின்னு சொல்ல முடியல. பிள்ளை பெத்த பொம்பளைக காதுக்குப் பிள்ளை அழுகையப் பொய்யாக்கத் தெரியாது. அங்கங்க வேலை பாத்துக்கிட்டிருந்தவ எல்லாம் வந்துட்டா, கையில மாவோட ஒருத்தி, சாணியோட ஒருத்தி, பால் குடுத்துக்கிட்டிருந்த ஒருத்திக்கு ரவிக்கை நனைஞ்சுபோச்சு.

பிள்ளை பொறந்தா என்ன செய்யணும்னு வெள்ளத்தாய் கைக்குத் தெரியும். சாவடி வேப்பமரத்துல எட்டி ஒரு கொத்து ஒடிச்சா, பொறந்த வீட்டு நிலையில சொருகணும்ல. ஒடிச்சுக்கிட்டு வேகமா வந்தவ சுவத்துக்கு முன்னாடி நின்னுட்டா. சொருக நிலை இல்ல. வாசல் இல்ல. கையில வேப்பங்கொத்து, உள்ள பிள்ளை அழுகுது.

"எழவு வீட்டுக்குத்தான கோலப்பொடி ஆகாது" அப்படின்னா. யாருக்கிட்டச் சொன்னாளோ. "பிள்ளை பொறந்த வீட்டுக்கு வேப்பிலை ஆகும்ல."

திரும்பிப் போயிப் படத்துல, தன் வீட்டுக்கும் சோணையன் வீட்டுக்கும் நடுவுல, அந்தக் கொத்த மண்ணுல குத்தி நட்டா. நின்னுச்சு. பின்னாடியே சோணையன் பெண்டாட்டி ஒண்ணு ஒடிச்சா. தாமரை போட்டவ ஒண்ணு, வாலு மறந்தவ ஒண்ணு, எழவு ஊறிறாதான்னு கேட்டவளும் ஒண்ணு. ஒருத்தரும் ஒருத்தர ஏவல. நாலு சுவருக்கு வேப்பிலை நட்டாக, வாசலுக்கு எடம் விட்டாக. அமலி தள்ளி நின்னா, இந்தத் தடவை யாரும் சொல்லாமலே.

ரெண்டு சுவரும் ஒரு பெருமூச்சு விட்டு விலகுன மாதிரி விலகுச்சு. தூசி அடங்குனா, கூரை, படி, படியில பித்தளைச் சொம்பு, எல்லாம் வச்சது வச்ச எடத்துல. இருளாயி பிள்ளையத் துணியில சுத்தி மார்ல அணைச்சுக்கிட்டு நிலையப் பிடிச்சு நின்னா. பொட்டப்பிள்ளை. எல்லாரையும் ஒருவாட்டி பாத்தா.

"எங்க போயிருந்தீக எல்லாரும்?" அப்படின்னா.

முன்னாடி நின்னவுக பின்னாடி நின்னவுகளத் திரும்பிப் பாத்தாக.

"ஒரு நாளு கதவத் தொறக்கேன், ஊரக் காணோம். பொட்டக்காடு. எழவு வீட்ட ஒதுக்குறது எனக்கும் தெரியும்க்கா, அதுக்காக ஊரையா தூக்கிக்கிட்டுப் போவீக?"

வெள்ளத்தாய் அழுதா. அழுதுக்கிட்டே பிள்ளைய வாங்குனா, வாங்குன கையி பழக்கத்துல துணிய வெலக்கிப் பாத்துச்சு. தொப்புள்கொடி சுத்தமா அறுத்து, செவப்பு இழையில முடி போட்டிருந்துச்சு. அவ அழுகை அப்படியே நின்னுபோச்சு.

"இத யாருடி முடிஞ்சது?"

"பக்கத்து வீட்டுக் கெழவி."

"பக்கத்து வீடு நான்டி."

"இந்தப் பக்கம் நீங்க" அப்படின்னா இருளாயி. "அந்தப் பக்கம் அவுக. மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா நான் ஒத்தையில இல்ல, தெருவே இருக்கு. ஒரு தெருவா, போயிக்கிட்டே இருக்கு. எந்த ஊருன்னு கேட்டா எல்லாரும் ஓலையேந்தல்னுதான் சொல்றாக. என் வாசல்ல அழுகை கேட்டுச்சுன்னு கஞ்சி கொண்டாந்தாக." பிள்ளைய வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு அமலியத் தேடிப் பிடிச்சுப் பாத்தா. "டீச்சரம்மா, நீங்க வீடு வீடா வந்து கேக்குறத நான் சொன்னேன். எங்க தெருவுக்கு எப்ப வருவாகன்னு கேட்டாக."

அவ சொல்லி வாய மூடல, கேட்டுச்சு. வெள்ளத்தாய் வீட்டுச் சுவத்துக்குள்ள தொம்முன்னு. அப்புறம் சோணையன் வீட்டுல. அப்புறம் கோயிலுக்குப் பின்னாடி, ஊருணிக்கரையில, வீடே இல்லாத பொட்டல்ல, தரைக்கு அடியில, ஊரச் சுத்தி எல்லாத் திக்குலயும், உலக்கை விழுற சத்தம். உலை வைக்கிற நேரம்ல.

பொம்பளைக ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. வெள்ளத்தாய் மூக்கச் சிந்தி முந்தியில தொடைச்சா, சீலைய இழுத்துச் சொருகுனா, சாவடி வேப்பமரத்துக்கிட்டப் போயி அண்ணாந்து நின்னா. தாழ இருந்த கொப்பு எல்லாம் ஏற்கெனவே ஒடிச்சாச்சு. ஒவ்வொரு கொப்பாப் பாத்தா, உச்சி வரைக்கும் பாத்தா.

"டீச்சரம்மா" அப்படின்னா, திரும்பாமலே. "இந்த ஒரு மரம் பத்தாது."